ஏழு நாள், பதினான்கு இடங்கள்: யார்க்ஷயர், லேக் டிஸ்ட்ரிக்ட் பயணத்தில் எதை விடலாம்?

வழிப்போக்கி:

எல்லாருக்கும் வணக்கம். மே மாதக் கடைசியில், ஹாஃப் டெர்ம் விடுமுறைக்கு, வட இங்கிலாந்தில், யார்க்ஷயர் டேல்ஸில் செட்டில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டை ஏழு நாளுக்கு எடுத்திருக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு 68 வயது. சமதரையில் ஒரு மணி நேரம் தாராளமாக நடப்பார். படி இறங்கும்போதுதான் முட்டி வலிக்கும்.

போக நினைக்கும் இடங்களை எழுதிப் பார்த்தேன். மால்ஹம் கோவ், கோர்டேல் ஸ்கார், ரிப்பிள்ஹெட் ரயில் பாலம், போல்டன் அபே, ஃபவுண்டன்ஸ் அபே, கிராஸ்மியரில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வீடு, கெஸ்விக் பக்கத்துக் காசில்ரிக் கல்வட்டம், விண்டர்மியர் படகு, ஹேட்ரியன் சுவர், யார்க் நகரம், இன்னும் சில என்று பதினான்கு ஆகிவிட்டது. கார் இருக்கிறது. இதை எந்த வரிசையில் பார்த்தால் ஏழு நாளில் முடியும்?

கல்லும்நடையும்:

வரிசையை அப்புறம் பார்ப்போம். முதலில் பதினான்கை ஐந்தாகக் குறையுங்கள். வருத்தமாக இருக்கும், தெரியும். இந்தப் பக்கம் பதினெட்டு வருடமாக நடக்கிறேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன். இந்த இடங்களில் பாதிக்கு மேல், காரை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடத்தில் போய் நின்று பார்ப்பதற்காக உருவானவை அல்ல. எந்த வழியாக வந்து சேர்கிறோம் என்பதும் அந்த இடத்தோடு சேர்ந்தது.

ஃபவுண்டன்ஸ் அபேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1132-ல் யார்க்கிலிருந்து பிரிந்து வந்த பதின்மூன்று துறவிகள் ஸ்கெல் ஆற்றங்கரையில் தொடங்கிய மடம். 1539-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடப்பட்டது. பெரும்பாலானவர்கள் மேலே பெரிய கார் நிறுத்தத்தில் இறங்கி, நேராக இடிபாட்டுக்குப் போய், படம் எடுத்துத் திரும்புகிறார்கள். நீங்கள் அந்த வாசலை விட்டுவிட்டு மறுமுனைக்கு, ஸ்டட்லி ராயல் பக்கம் போங்கள். மான்கள் மேயும் பூங்கா, ஏரி, பிறகு பதினெட்டாம் நூற்றாண்டு நீர்த்தோட்டம் வரும். தென்கடல் கம்பெனி ஊழலில் பதவியிழந்த நிதியமைச்சர் ஜான் ஐஸ்லபி ஊர் திரும்பி அமைத்த தோட்டம் அது. அவர் மகன் வில்லியம் 1767-ல் மடத்தின் இடிபாட்டையும் வாங்கித் தோட்டத்தோடு சேர்த்தார். தோட்டத்துக்கு மேலே மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் ஒரு திருப்பம் உண்டு. அங்கே நின்றால் பள்ளத்தாக்கின் கோடியில் மடம் முழுவதும் ஒரே வீச்சில் கண்ணில் படும். அதற்குப் பெயரே 'சர்ப்ரைஸ் வியூ'. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்பே, வருகிறவர் கண் எந்த இடத்தில் விரிய வேண்டும் என்று யோசித்து அமைத்திருக்கிறார்கள். மேல் வாசல் வழியாகப் போனால் இது கைக்கு வராது.

அம்மாவுக்கு அந்த மேல்பாதை வேண்டாம். ஆற்றோரமாகக் கீழே போகும் பாதை சமதளம். இரண்டு பேர் மேலே, இரண்டு பேர் கீழே போய் மடத்தில் சேர்ந்துகொள்ளலாம். உள்ளே செல்லாரியம் என்ற சேமிப்புக் கூடத்தைத் தவற விடாதீர்கள். வளைவு வளைவாகக் கல் கூரை, தொண்ணூறு மீட்டருக்கு மேல் நீளம். வெளவால்கள் குடியிருக்கின்றன, பையனுக்குப் பிடிக்கும்.

ஞாயிறுநடை:

கல்லும்நடையும் அண்ணா சொல்வதில் பாதி சரி. மீதியை நான் ஏற்க மாட்டேன்.

பக்கத்தில் குடியிருப்பவர் எதையும் விட்டுவிடலாம், அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம். வழிப்போக்கியின் அம்மா இன்னொரு முறை எப்போது வருவார்? என் அப்பா 2016-ல் வந்தார். "அடுத்த முறை பார்க்கலாம்ப்பா" என்று காசில்ரிக்கை விட்டுவிட்டோம். அடுத்த முறை வரவே இல்லை. அதனால் ஐந்து போதும் என்ற கணக்கு என் மனதுக்கு ஒப்பவில்லை. காரிலிருந்து பத்து நிமிடம் பார்த்தாலும் பார்த்ததுதான்.

இன்னொன்று மழை. டேல்ஸில் மே மாதத்திலும் இரண்டு நாள் மழைக்கு ஒதுக்க வேண்டும். கூரைக்கு அடியில் பார்க்கும் இடங்களும் கையில் இருக்கட்டும். யார்க் நகரத்து ரயில்வே அருங்காட்சியகத்தில் ஒரு நாளே ஓடிவிடும்.

கல்லும்நடையும்:

உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னது மனதைத் தொட்டது. அதை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. காசில்ரிக்கை மட்டும் கட்டாயம் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றிக்கொள்கிறேன். சாலையோரத்துக் கதவைத் திறந்தால் ஐம்பதடியில் புல்வெளி. ஏறத்தாழ ஐயாயிரம் வருடப் பழமையான, நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான கற்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. அம்மாவுக்குச் சிரமமே இல்லாத இடம். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் சுற்றிலும் மலைகளும் ஆடுகளும் நீங்களும்தான்.

ஆனால் செட்டிலிலிருந்து ஹேட்ரியன் சுவருக்கு ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஆகும். நாலு மணி நேரம் காரில் உட்கார்ந்து, முட்டி மடங்கியபடி போய், அரை மணி நேரம் சுவரைப் பார்க்கச் சொல்லமாட்டேன்.

வடக்குவாசல்:

சுவரை வெட்டுகிறீர்களே! எனக்கு மனது கேட்கவில்லை. கி.பி. 122-ல் ரோமானியர் தொடங்கிய சுவர், கடலிலிருந்து கடல் வரை 73 மைல். ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் படைவீரர்கள் வரிசையாக உட்காரும் கழிப்பறையும் அதன் அடியில் ஓடிய நீர்க்கால்வாயும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்பது வயதுப் பையன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்.

சுவரோரத்துப் பள்ளத்தில் தனியாக நின்ற சிகமோர் கேப் மரத்தை 2023 செப்டம்பரில் வெட்டிவிட்டார்கள். அதற்கு முன் நான் ஆறு முறை அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். வெட்டிய அடிமரத்திலிருந்து அடுத்த வருடமே துளிர் விட்டது. மரம் இல்லை, சரி. இடம் அப்படியே இருக்கிறது.

கல்லும்நடையும்:

அதே காரணத்துக்காகத்தான் அதை ஒரு நாள் ஓரத்தில் செருக வேண்டாம் என்கிறேன். சுவருக்குத் தனியாக நாலு நாள் வேண்டும்.

முல்லைக்கொடி:

வழிப்போக்கி, நான் அம்மம்மாவையும் மாமியாரையும் வெவ்வேறு வருடங்களில் இந்தப் பக்கமெல்லாம் கூட்டிக்கொண்டு திரிந்தவள். முட்டி வலிக்காரர் விஷயத்தில் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

தூரம் பிரச்சினையே இல்லை. ஸ்டைல்தான் பிரச்சினை, அதாவது வயல் சுவரைத் தாண்டும் கல்படி. டேல்ஸ் முழுக்கக் கல்சுவர்கள், சுண்ணாம்பே இல்லாமல் அடுக்கியவை. ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போக, சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் மூன்று நான்கு கற்களில் கால் வைத்து ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். சில இடத்தில் முழங்காலளவு அகலத்தில் ஒரு சந்து விட்டிருப்பார்கள், ஆடு நுழையாது, மனிதர் பக்கவாட்டில் நுழையலாம். "ஒரு மைல் சுலப நடை" என்று போட்டிருக்கும். அந்த ஒரு மைலில் ஏழு ஸ்டைல் இருந்தால் மாமியாருக்கு அது ஏழு முறை ஏற்றம், ஏழு முறை இறக்கம். ஆகையால் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது 'ஸ்டைல் இல்லாதது' என்று தேடுங்கள். டேல்ஸ் தேசியப் பூங்காவே சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகக்கூடிய பாதைகளைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது.

மால்ஹம் கிராமத்திலிருந்து கோவின் அடிவாரம் வரை அப்படிப்பட்ட பாதைதான். ஒரு மைலுக்குள். ஓடையோரமாகப் போனால் எண்பது மீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல் சுவர், அரைவட்டமாக வளைந்து எதிரே நிற்கும். அம்மா அங்கே ஓடைக்கரையில் உட்காரட்டும். பக்கவாட்டில் இருக்கும் நானூறு படிகளில் நீங்கள் மூன்று பேரும் ஏறிவிட்டு வாருங்கள்.

உச்சியில் பாறைத்தளம். பெரிய பெரிய கல்பாளங்கள், நடுவில் ஆழமான பிளவுகள். பிளவுக்குள் குனிந்து பாருங்கள். மேலே காற்று அறையும், உள்ளே நிழலும் ஈரமுமாகப் பெரணிகள் பச்சைப் பசேல் என்று நிற்கும். என் மகள் அரை மணி நேரம் பிளவு பிளவாக எட்டிப் பார்த்து, எதில் எத்தனை செடி என்று எண்ணிக்கொண்டு வந்தாள். மழை பெய்திருந்தால் மட்டும் ஏற வேண்டாம். ஆயிரமாயிரம் கால்கள் தேய்த்த கல், சோப்பு போட்ட மாதிரி வழுக்கும்.

வழிப்போக்கி:

முல்லைக்கொடி அக்கா, ஸ்டைல் விஷயம் எங்குமே படிக்காத ஒன்று. மிக்க நன்றி. மூன்று கேள்விகள். போல்டன் அபேயில் ஆற்றைக் கல் மேல் தாண்டலாம் என்கிறார்களே, பாதுகாப்பா? போனில் வரைபடம் போதுமா? வயலில் மாடு நின்றால் என்ன செய்வது? பையன் பயப்பட மாட்டான், நான்தான் பயப்படுவேன்.

முல்லைக்கொடி:

தாண்டுகற்கள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நடுவில் ஓரிரு கற்கள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அந்த இடத்தில் எல்லோரும் நின்று யோசிப்பார்கள். பக்கத்திலேயே பாலம் இருக்கிறது, அம்மா அதில் வரலாம். மடத்தில் பாதி கூரையில்லாத இடிபாடு, மறுபாதி இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயம். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வெளியே வாருங்கள், அந்த வித்தியாசத்தை உடம்பே உணரும்.

ஆனால் ஆற்றின் மேல்பக்கம் போனால் ஸ்ட்ரிட் வரும். அகன்ற வார்ஃப் ஆறு திடீரென்று ஒரு பாறை இடுக்குக்குள் நுழைகிற இடம். பார்த்தால் தாண்டிவிடலாம் போலிருக்கும். ஆழமும் இழுப்பும் வெளியே தெரியாது, விழுந்தவர்கள் உயிரோடு வந்ததில்லை என்றே அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பாசி படிந்த பாறை விளிம்புக்குப் பையனை விடவே விடாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு, பாதையில் நின்றே பாருங்கள்.

மாட்டுக்கு: கன்றோடு நிற்கும் பசுவிடம் போகாதீர்கள். வயலின் ஓரமாக, அவசரப்படாமல், சத்தமில்லாமல் சுற்றிப் போங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் மட்டும் நுழையக் கூடாது. நாய் கூட்டிப் போகிறவர்கள், மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிட வேண்டும். அப்புறம், திறந்திருந்த கதவைத் திறந்தபடி, மூடியிருந்ததை மூடியபடி விட்டு வாருங்கள்.

கல்லும்நடையும்:

வரைபடத்துக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்குப் பிரியமான விஷயம். போனில் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை எக்ஸ்ப்ளோரர் தாளும் வாங்குங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும். அந்தத் தாளில் நாலு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். விட்டுவிட்டுப் போகும் பச்சைக் கோடு என்றால் யாருடைய வயலாக இருந்தாலும் நடக்கச் சட்டப்படி உரிமை உள்ள பாதை. தரையில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து.

இதைப் பையனிடம் கொடுத்து ஒரு வேலை சொல்லுங்கள். தாளில் சில பெயர்கள் பழங்கால கோதிக் எழுத்தில் அச்சாகியிருக்கும். அவை எல்லாம் தொல்சின்னங்கள்: புதைமேடு, கல்வட்டம், கோட்டை. ரோமானியர் காலத்துடையது என்றால் எழுத்து வேறு, தனிவகைப் பெரிய எழுத்து. வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கோதிக் எழுத்து எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய பதினான்கில் இல்லாத இடம் ஒன்றிரண்டு கட்டாயம் கிடைக்கும், அங்கே கூட்டமும் இருக்காது.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் விதி. 1892-ல் ஒரு ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. குழந்தையும் பெரியவரும் கூட இருந்தால் வரும் விடையை இரட்டிப்பாக்குங்கள். இங்கே வந்த முதல் நவம்பரில் நான் இந்தக் கணக்கைப் போடாமல் போய், நாலரை மணிக்கே இருட்டிவிட, கடைசி இரண்டு மைலைக் கல்சுவரைத் தடவியபடி இறங்கினேன். மே கடைசியில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

ரிப்பிள்ஹெட்டுக்குக் காரை எடுக்க வேண்டாம். செட்டிலில் ரயில் ஏறி ரிப்பிள்ஹெட்டில் இறங்குங்கள், பாலத்துக்கு முந்தின நிலையம் அதுதான். இருபத்துநாலு வளைவுகள், 400 மீட்டர் நீளம். 1870-களில் கட்டியது. கட்டியவர்கள் அந்தச் சதுப்பிலேயே குடிசை போட்டுக் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். விபத்திலும் அம்மையிலும் இறந்தவர்கள் பலரைச் சேப்பல்-லெ-டேல் தேவாலயத்தில் புதைத்திருக்கிறார்கள். எண்பதுகளில் இந்தத் தடத்தையே மூடப் பார்த்தார்கள், மக்கள் போராடி 1989-ல் காப்பாற்றினார்கள். நிலையத்திலிருந்து வளைவுகளின் அடிவரை சமமான பாதை. திரும்பும் ரயிலின் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி கிடையாது.

ஞாயிறுநடை:

கிராஸ்மியரில் வேர்ட்ஸ்வொர்த் வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். ரைடலில் இறங்கி, 'காஃபின் ரூட்' வழியாகக் கிராஸ்மியருக்கு நடங்கள், சுமார் இரண்டு மைல். ரைடலில் தேவாலயம் இல்லாத காலத்தில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு கிராஸ்மியர் புனித ஆஸ்வால்டு ஆலயம் வரை போன வழி. ஒரு முனையில் அவர் 1813 முதல் இறக்கும்வரை வாழ்ந்த ரைடல் மவுண்ட், மறுமுனையில் 1799 முதல் 1808 வரை இருந்த டவ் காட்டேஜ், முடிவில் அந்த ஆலயத்திலேயே அவர் கல்லறை. ரைடல் பக்கம் தொடங்கினால் ஏற்றம் முதலிலேயே முடிந்துவிடும். திரும்புவதற்கு 555 பஸ். நடையைப் பற்றி அண்ணா சொல்வதை இந்த ஒரு இடத்தில் முழுதாக ஒப்புக்கொள்கிறேன்.

வழிப்போக்கி:

போய்விட்டு வந்துவிட்டோம்! ஆறு இடங்கள். மால்ஹம், ரிப்பிள்ஹெட், போல்டன், ஃபவுண்டன்ஸ், காசில்ரிக், காஃபின் ரூட். ஒரு நாள் முழுக்க மழை, யார்க் ரயில் அருங்காட்சியகத்தில் கழிந்தது. ஞாயிறுநடை அண்ணாவுக்கு அதற்கு நன்றி.

காஃபின் ரூட்டைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். பாதையோரம், மரத்தடியில், மேல்பக்கம் தட்டையாக ஒரு பெரிய கல். சுமந்து வருகிறவர்கள் சவப்பெட்டியை இறக்கி வைத்து இளைப்பாறிய கல் அது என்று சொன்னேன். அம்மா ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் போய் உள்ளங்கையை அதன் மேல் வைத்து, "இது சுமைதாங்கிக் கல்லுடா" என்று பேரனிடம் சொன்னார். ஊரில் அவர் சிறுமியாக இருந்தபோது சந்தைக்குப் போகும் வழியில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்க வைத்திருந்ததாம். தலைச்சுமையை இன்னொருவர் உதவியில்லாமல் இறக்கவும் ஏற்றவும் வசதியாக, ஆள் உயரத்துக்கு. பிள்ளை பெறாமல் வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடுவார்கள் என்றும், அவருடைய சித்தி ஒருத்திக்கு அப்படி நட்டதாகவும் சொன்னார். இந்தச் சித்தியைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு நாற்பத்தொரு வயது. அம்மா ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

அங்கேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் வந்த ஒரு வயதான தம்பதி வழிவிட்டு நின்றார்கள், அம்மா நகர்ந்து அவர்களுக்கு இடம் கொடுத்தார்.

முட்டி ஒரு தொந்தரவும் தரவில்லை. கோதிக் எழுத்து இருபத்தாறு எண்ணியிருக்கிறான் பையன். அவற்றில் ஒன்றைத் தேடிப் போனோம், புல் மூடிய மேடு, பக்கத்தில் ஆடுகள், வேறு ஒன்றுமில்லை. அவனுக்கு அதுதான் பயணத்திலேயே பிடித்த இடமாம்.

அம்மா செப்டம்பர் கடைசிவரை இருக்கிறார். வடக்குவாசல், ஹேட்ரியன் சுவருக்கு நாலு நாள் ஒதுக்குகிறோம். எங்கே தங்குவது?

வடக்குவாசல்:

படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

ஹேக்சமிலோ ஹால்ட்விசிலிலோ தங்குங்கள், இரண்டுக்கும் ரயில் உண்டு. சுவரையொட்டி ஓடும் பஸ்ஸின் எண்ணே ஏடி122. செப்டம்பரில் ஓடும். ஸ்டீல் ரிக்கிலிருந்து ஹவுஸ்டெட்ஸுக்கு மூன்று மைல் நடை அழகின் உச்சம், ஆனால் செங்குத்தான கல்படி இறக்கங்கள் இருப்பதால் அம்மாவுக்கு வேண்டாம். நீங்கள் மூவரில் இருவர் நடங்கள், ஒருவர் அம்மாவோடு பஸ்ஸில் ஹவுஸ்டெட்ஸுக்கு வந்துவிடட்டும். கோட்டை வரை கொஞ்சம் ஏற்றம் உண்டு, படி கிடையாது, நின்று நின்று போகலாம்.

மறுநாள் விண்டலாண்டா, சுவருக்குத் தெற்கே ஒரு ரோமானியக் கோட்டை. இன்னும் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பார்க்கலாம். 1973 முதல் அங்கே ரோமானியர் மையால் எழுதிய மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்துவருகின்றன. ஒன்றில் கிளாடியா செவரா என்ற பெண் தன் பிறந்தநாளுக்கு வரச்சொல்லித் தோழியை அழைக்கிறாள். எழுத்தர் எழுதிய கடிதத்தின் கடைசியில் நாலு வரி அவள் கையாலேயே எழுதியது. அந்த ஓலை இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வடக்கே கிளம்பும் முன் அம்மாவுக்கு அதைக் காட்டிவிடுங்கள்.

சுவரின் மேல் மட்டும் பையன் ஏறி நடக்க வேண்டாம், கல் தளர்ந்துவிடும். பக்கத்திலேயே புல்பாதை போகிறது.